கம்மி பட்ஜெட்ல சிபியு ஏர் கூலர்: எதைப் பார்த்து வாங்கணும், எப்படி மாட்டணும்

போன மே மாசம் அத்தை பையன் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் பண்ணி, "அண்ணே, சிஸ்டம் மிக்ஸி மாதிரி கத்துதுண்ணே, அம்மா எந்திரிச்சு வந்து திட்டிட்டுப் போறாங்க, கடைல கேட்டா ப்ராசசருக்கு எட்டாயிரத்துக்கு வாட்டர் கூலர் போட்டாத்தான் அடங்கும்ங்கறான், போட்டுடவா"ன்னு கேட்டான். அவன்கிட்ட இருக்கறது ஏஎம்டியோட ரைசன் 5 5600 ப்ராசசர், பாக்ஸ்லயே கூட வந்த குட்டி கூலர் (ப்ராசசர் சூட்டை வெளிய தள்ளற ரெக்கையும் ஃபேனும்), மொட்டை மாடிக்கு நேர் கீழ ரூம், ஏசி கிடையாது. எட்டாயிரமெல்லாம் வேணாம்டா, ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்னு சொல்லி வச்சேன். கடைசியில கால்வாசி காசுல வேலை முடிஞ்சுது, நடுவுல ஒரு விபரீதமும் நடந்துச்சு, அதை அதோட எடத்துல சொல்றேன்.

அன்னைக்கு அவன்கூட உக்காந்து பார்த்ததைத்தான் இங்க விரிவா எழுதறேன். மூணு நம்பர் தெரிஞ்சா கூலர் வாங்கறது ரொம்ப ஈசி: ப்ராசசர் எத்தனை வாட் தின்னுது, காபினெட்ல எத்தனை மில்லிமீட்டர் எடம் இருக்கு, கத்திரி வெயில்ல உங்க ரூம் எத்தனை டிகிரி. இந்த மூணையும் தெரிஞ்சுக்காம யார்கிட்ட போய் "நல்ல கூலர் எது"ன்னு கேட்டாலும் அவங்க வீட்ல இருக்கறதைத்தான் சொல்லுவாங்க.

முதல்ல அளந்து பாருங்க, அப்புறம் பர்ஸை எடுங்க

எச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, எறக்கி சென்சார்ஸ் மட்டும் டிக் பண்ணி ஓபன் பண்ணுங்க. கண்ணைக் கட்டற மாதிரி நூறு வரி வரும், பயப்பட வேணாம், மூணு வரி போதும்: சிபியு டெம்பரேச்சர், சிபியு பேக்கேஜ் பவர், கோர் கிளாக் (ப்ராசசர் ஓடற வேகம்). அதை ஓட விட்டுட்டு ப்ராசசரை முழுசா வேலை வாங்கற சினிபெஞ்ச் ஆர்23-ங்கற டெஸ்ட்டை பத்து நிமிஷம் ஓட்டுங்க, முடிஞ்சதும் மேக்சிமம்னு போட்ட வரிசையில என்ன இருக்குன்னு பேப்பர்ல எழுதிக்கோங்க. அப்புறம் நீங்க தினமும் ஆடற கேமை ஒரு மணி நேரம் ஆடிட்டு திரும்பவும் எழுதுங்க. பக்கத்துல ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வச்சு ரூம் டெம்பரேச்சரையும் எழுதணும், இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, ஆனா இது இல்லாம மத்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது.

எவ்வளவு சூடு வரைக்கும் தாங்கும்னு கேட்டா, இன்டெல் 12, 13, 14-ஆவது ஜெனரேஷன் டெஸ்க்டாப் சிப் 100 டிகிரி தொட்டாத்தான் தானா வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். ரைசன் 5000 வரிசையில மாடலைப் பொறுத்து 90 இல்லன்னா 95, ரைசன் 7000-ல பெரும்பாலும் 95, எக்ஸ்3டி சிப்புங்க மட்டும் கொஞ்சம் பூஞ்சை, 5800எக்ஸ்3டி 90, 7800எக்ஸ்3டி 89. அந்த எல்லையைத் தொட்டா உடனே எரிஞ்சு போயிடாது, சிப்பே தன்னைக் காப்பாத்திக்கும், நீங்க காசு கொடுத்து வாங்குன ஸ்பீடு மட்டும் கிடைக்காது.

அதனால முழு லோடுல 80, 85-க்குள்ள நிக்குது, சத்தமும் உங்களைத் தொந்தரவு பண்ணலன்னா கூலர் வாங்கவே வாங்காதீங்க, அந்தக் காசை ரேமுக்கோ எஸ்எஸ்டிக்கோ சேர்த்து வைங்க. ரெண்டு மூணு வருஷம் தொறக்காத சிஸ்டமா இருந்தா முதல்ல தூசியைத் தட்டி, ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவுல தடவியிருக்கற பேஸ்ட்டை மாத்திட்டு திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சு "கூலர் போச்சு"ன்னு வந்த கேஸ்ல பாதி, கூலர் ரெக்கைக்கு நடுவுல கம்பளி மாதிரி தூசி அடைஞ்ச கேஸ்தான்.

வாட் கணக்கு

ப்ராசசர் டப்பால டிடிபி (கம்பெனி சொல்ற சூட்டு அளவு) 65 வாட்னு போட்டிருக்கும், அதை அப்படியே நம்பாதீங்க. ஏஎம்டில அதுக்குப் பின்னாடி பிபிடின்னு ஒரு நம்பர் இருக்கு, சாக்கெட் (மதர்போர்டுல ப்ராசசர் உக்கார்ற எடம்) வழியா மொத்தமா எவ்வளவு கரண்ட் இழுக்கலாம்ங்கற எல்லை. ரைசன் 5000 உக்கார்ற ஏஎம்4 சாக்கெட்ல 65 வாட்னு எழுதுன சிப் 76 வாட் வரைக்கும் போகும், ரைசன் 7000 உக்கார்ற ஏஎம்5-ல அதே 65 வாட் சிப் 88 வரைக்கும் போகும். 105 வாட்னு எழுதுன 7600எக்ஸ் 142 வரைக்கும் போகும். இன்டெல்ல ரெண்டு நம்பர் அவங்களே கொடுக்கறாங்க, பேஸ் ஒண்ணு, டர்போ ஒண்ணு: ஐ3-12100 60க்கு 89, ஐ5-12400 65க்கு 117, ஐ5-13400 65க்கு 148, ஐ5-14600கே 125க்கு 181, ஐ7-14700கே 125க்கு 253. கூலருக்கு கணக்கு பார்க்கும்போது எப்பவும் ரெண்டாவது நம்பரை எடுத்துக்கோங்க. கேமிங்ல அவ்வளவு இழுக்காது, வீடியோ ரெண்டர், கோட் கம்பைல், பிளெண்டர் இதுலதான் அந்த உச்சத்துக்குப் போகும்.

இன்டெல்ல இன்னொரு கூத்து. சில மதர்போர்டுகாரங்க பயாஸ்ல (மதர்போர்டுக்குள்ளயே இருக்கற செட்டிங்ஸ்) பவர் லிமிட்டையே எடுத்து விட்டுருப்பாங்க, உள்ள போய் பார்த்தா 4096 வாட்னு இருக்கும். நம்ம வீட்டு ஒன்றரை டன் ஏசி ரெண்டு ஓட்டிட்டு மிச்சம் இருக்கற கரண்ட் அது. லிமிட்டே இல்லைன்னு சொல்றதுக்கு அவங்க போடற நம்பர், அவ்வளவுதான். அப்படி இருந்தா கூலர் மாத்தறதுக்கு முன்னாடி அதை இன்டெல் சொன்ன அளவுக்குக் கொண்டு வாங்க, பாதி சூடு அங்கயே எறங்கிடும். 13, 14-ஆவது ஜெனரேஷன் வச்சிருக்கறவங்க பயாஸையும் அப்டேட் பண்ணிடுங்க, அந்த சிப்புங்க காரணமில்லாம கிராஷ் ஆன பிரச்சனைக்கு 2024-ல இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் விட்டாங்க, அது பயாஸ் அப்டேட்லதான் வருது.

கூலர் டப்பால போட்டிருக்கற "220 வாட் தாங்கும்", "260 வாட் தாங்கும்" கதையையும் கொஞ்சம் தள்ளி வைங்க. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமா அளக்குது, ஒரு பிராண்டோட 220-ஐ இன்னொரு பிராண்டோட 180-கூட ஒப்பிடவே முடியாது. என் அனுபவத்துல நாலு ஹீட் பைப், ஒரு 120 எம்எம் ஃபேன் இருக்கற சிங்கிள் டவர் கூலர் நம்ம ஊரு சூட்டுல 100, 120 வாட்டை நிம்மதியா தாங்கும், 150-ல மூச்சு வாங்கும். அதுக்கு மேல டூயல் டவர், அதாவது ரெக்கை அடுக்கு ரெண்டு இருக்கறது.

ஹீட் பைப்னா வெறும் செம்புக் கம்பின்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அது உள்ள காத்தை உறிஞ்சி எடுத்துட்டு கொஞ்சூண்டு தண்ணி விட்டு மூடுன குழாய். காத்து இல்லாததால தண்ணி நூறு டிகிரிக்கு ரொம்ப முன்னாடியே ஆவியாகும், ப்ராசசர் பக்கம் ஆவியாகி, மேல ரெக்கை பக்கம் போய் குளுந்து, குழாயோட உள்சுவர்ல இருக்கற திரி மாதிரி ஒண்ணு வழியா திரும்ப கீழ வந்துடும். இட்லிப் பானை மூடில ஆவி பட்டு சொட்டு சொட்டா எறங்குதுல்ல, அதேதான். அதனால பைப் எண்ணிக்கைக்கு மதிப்பு இருக்கு, ரெண்டு பைப் கூலருக்கும் நாலு பைப் கூலருக்கும் நல்ல வித்தியாசம் தெரியும். நாலுலேர்ந்து ஆறு போகும்போது 76 வாட் சிப்புல ஏதோ ரெண்டு மூணு டிகிரி, அவ்வளவுதான்.

ரூம் டெம்பரேச்சர்

யூட்யூப்ல வெளிநாட்டுக்காரர் டெஸ்ட் பண்றது பெரும்பாலும் 21, 24 டிகிரி ரூம்ல. மே மாசம் நம்ம மொட்டை மாடி ரூம்ல மத்தியானம் 36. ஏர் கூலரால ரூமைவிட குளுமையா எதையும் ஆக்க முடியாது, ரூமுக்கும் சிப்புக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைக் குறைக்க மட்டும்தான் முடியும். அவர் வீடியோல 63 காட்டுனா நமக்கு கிட்டத்தட்ட 75 வரும், அதைப் பார்த்து "டூப்ளிகேட் கூலர் அனுப்பிட்டான்"னு சண்டைக்குப் போகக் கூடாது. எப்பவும் சிப் டெம்பரேச்சர்ல ரூம் டெம்பரேச்சரைக் கழிச்சுப் பாருங்க, அந்த மிச்சம்தான் கூலரோட மார்க்.

அத்தை பையன் வீட்ல அன்னைக்கு ரூம் 35. பாக்ஸ் கூலர்ல சினிபெஞ்ச் ஓட்டுனா மூணே நிமிஷத்துல 90 தொட்டு அங்கயே ஒட்டிக்கிச்சு, கிளாக் கீழ எறங்குச்சு, ஃபேன் கத்தல் பக்கத்து ரூம் வரைக்கும். வித்தியாசம் 55, அதுவும் எல்லைல முட்டி நின்ன 55. அவன்கிட்ட, "இதை 40-க்குக் கொண்டு வந்தா போதும்டா, உனக்கு சத்தமும் போயிடும்"னு சொன்னேன். அந்த 15 டிகிரிக்கு எட்டாயிரம் எதுக்கு.

ரைசன் 7000 வச்சிருக்கறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. அந்த சிப்புல உண்மையா வேலை செய்யற துண்டு 70 சதுர மில்லிமீட்டர் சொச்சம்தான், சுண்டுவிரல் நகம் அளவு. அவ்வளவு சின்ன எடத்துலேர்ந்து 100 வாட்டுக்கு மேல வெளிய வரணும், அதனால எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் ஒரு அளவுக்கு மேல எறங்காது. 7600எக்ஸ் மாதிரி சிப்பை 95 வரைக்கும் போய் உக்கார்ற மாதிரியேதான் ஏஎம்டி பண்ணியிருக்காங்க. சத்தம் வேணாம்னா பயாஸ்ல பவரைக் குறைக்கற ஈகோ மோடு போட்டுக்கோங்க, ஸ்பீடு லேசாத்தான் குறையும், சூடு நல்லாவே குறையும், செலவு பூஜ்யம்.

மில்லிமீட்டர்: நான் பட்ட பாடு

இதுல நானே அடி வாங்கியிருக்கேன். சில வருஷம் முன்னாடி ஆஃபர் வந்துச்சுன்னு 159 மில்லிமீட்டர் உயரக் கூலரை வாங்கிட்டேன், என் காபினெட் 155 வரைக்கும்தான் எடுக்கும். நாலு மில்லிமீட்டர்தானே, அழுத்தி மூடிடலாம்னு பார்த்தா கண்ணாடி மூடி ஹீட் பைப் முனையில இடிச்சு நிக்குது, கொஞ்சம் அழுத்துனா விரிசல் விட்டுடும் போல சத்தம் வருது. ரெண்டு மாசம் மூடியில்லாமயே ஓட்டுனேன், ஒருநாள் காலைல உள்ள பார்த்தா கிராபிக்ஸ் கார்டு மேல பல்லி சொகுசா படுத்திருக்கு. கூலரை பாதி விலைக்கு வித்துட்டேன்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி உங்க காபினெட் மாடலைத் தேடி, சிபியு கூலர் உயரம் எவ்வளவுன்னு பாருங்க. மாடல் தெரியலையா, ஸ்கேல் எடுத்து மதர்போர்டுலேர்ந்து மூடி வரைக்கும் அளந்து அதுல ஒரு சென்டிமீட்டர் கழிச்சுக்கோங்க, சாக்கெட்டும் ப்ராசசரும் சேர்ந்து அவ்வளவு உயரம் எடுத்துக்கும். அதுக்கும் மேல ரெண்டு மில்லிமீட்டர் விட்டுட்டு வாங்கினா நல்லது. நம்ம ஊர்ல விக்கற மலிவு காபினெட்ல நிறைய 155, 160, 165 இப்படித்தான் இருக்கு, அதனால 150 பக்கம் இருக்கற கூலர் எடுத்தா அனேகமா தலைவலி இல்ல.

அடுத்தது ரேம். லைட்டு வச்ச உயரமான ரேம் இருந்தா முன்னாடி ஃபேன் அது மேல இடிக்கும். ஃபேனை கொஞ்சம் மேல தூக்கி மாட்டலாம், ஆனா தூக்குன அளவு மொத்த உயரத்துல சேரும், திரும்ப மூடிப் பிரச்சனை. சாதா ரேம்னா கவலையே படாதீங்க.

சாக்கெட்டும் பிராக்கெட்டும்

இன்டெல் 12, 13, 14-ஆவது ஜெனரேஷன் உக்கார்ற எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கு, கூலர் மாட்டற ஸ்க்ரூ ஓட்டைங்களுக்கு நடுவுல 78 மில்லிமீட்டர், அதுக்கு முன்னாடி இருந்த 1200, 1151 எல்லாத்துக்கும் 75. மூணு மில்லிமீட்டர்தான், ஆனா பழைய பிராக்கெட் உக்காராது. கடைல தூசி படிஞ்ச பழைய ஸ்டாக் கூலரை "எல்லாத்துக்கும் ஃபிட் ஆகும்"னு தள்ளி விடுவாங்க, டப்பா மேல எல்ஜிஏ1700-னு அச்சடிச்சிருக்கான்னு நீங்களே பாருங்க. ஏஎம்5-ல ஓட்டைங்க ஏஎம்4 மாதிரியேதான், ஆனா மதர்போர்டுக்குப் பின்னாடி ஸ்க்ரூவைப் பிடிக்கற பேக் பிளேட்ங்கற தகடு சாக்கெட்டோட சேர்ந்தது, கழட்ட முடியாது. தனக்குன்னு சொந்த பேக் பிளேட் கேக்கற பழைய கூலர் ஏஎம்5-க்கு ஆகாது, போர்டோட வந்த பேக் பிளேட்டுலயே முடுக்கற கூலர்தான் வேணும்.

சரி, எதைத்தான் வாங்கறது

விலை வாரா வாரம் மாறுது, அதனால சுமாரா சொல்றேன், வாங்கற அன்னைக்கு நாலு எடத்துல விசாரிச்சுக்கோங்க.

ஆயிரம் ரூபாய்க்குள்ள கலர் கலரா லைட்டு போட்டு, ரெண்டு பைப், பிளாஸ்டிக் புஷ்பின்னோட பேர் தெரியாத கூலருங்க வரும். பாக்ஸ் கூலர் தொலைஞ்சு போச்சு, ஐ3 மாதிரி சின்ன சிப் ஓட்டணும்னா சரி, மத்தபடி பாக்ஸ் கூலரையே வச்சுக்கலாம். புஷ்பின் நாளாக நாளாக தொளதொளன்னு ஆகும், அழுத்தம் போயிடும், அழுத்தம் போனா பேஸ்ட் என்ன பண்ணும் பைப் என்ன பண்ணும்.

ஆயிரத்தைநூறுலேர்ந்து ரெண்டாயிரத்தைநூறு வரைக்கும்தான் நம்ம ஏரியா. டீப்கூல் ஏஜி400 உயரம் 150, டீப்கூல் ஏகே400 உயரம் 155, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 எஸ்இ உயரம் 148, ஐடி-கூலிங் எஸ்இ-214-எக்ஸ்டி உயரம் 150. நாலுமே நாலு பைப், 120 எம்எம் ஃபேன். இதுக்குள்ள எது பெஸ்ட்னு மண்டையை ஒடைச்சுக்காதீங்க, ஒண்ணு ரெண்டு டிகிரிக்கு மேல வித்தியாசம் வராது, எது உங்க காபினெட்ல ஏறுமோ, எதுக்கு வாரன்டி உங்க ஊர்லயே கெடைக்குமோ அதை எடுங்க. 5600, 5700எக்ஸ், 7600, ஐ5-12400, ஐ5-13400 வரைக்கும் இதுவே போதும். அத்தை பையனுக்கு ஏகே400 எடுத்தோம், ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி எறங்கி ரெண்டாயிரம் சொச்சத்துக்கு.

கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 பத்தி கேப்பீங்க. ஒரு காலத்துல பட்ஜெட் கூலர்னாலே அதுதான், 2011-ல வந்த ஈவோ மாடல் இன்னும் எத்தனையோ வீட்ல சுத்திட்டிருக்கு. இப்பவும் கெட்ட கூலர் இல்ல, ஆனா அந்தப் பேருக்காக கூட ஐநூறு கொடுக்கறதுல எனக்கு உடன்பாடில்ல.

மூவாயிரம், நாலாயிரம்னு போனா தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, ஆறு பைப், ரெண்டு டவர், ரெண்டு ஃபேன், உயரம் 155தான். 7600எக்ஸ், 7800எக்ஸ்3டி, 14600கே இதுக்கெல்லாம் இதுக்கு மேல எனக்கு எதுவும் தோணல. 14700கே வாங்கி தினமும் ரெண்டர் போடறவங்க பட்ஜெட் கூலர் கட்டுரை படிக்கவே கூடாது.

சின்ன ஐடிஎக்ஸ் காபினெட்காரங்க உயரத்துல ஆரம்பிங்க: 45 மில்லிமீட்டர்னா ஐடி-கூலிங் ஐஎஸ்-40எக்ஸ், 47-னா தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47. 65 வாட் சிப்புக்கு மேல ஆசைப்படாதீங்க.

பழசைக் கழட்டறது, அதாவது அந்த விபரீதம்

ஏஎம்4 வச்சிருக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. ஏஎம்4-ல பின்னுங்க ப்ராசசர் அடியில இருக்கு, மொத்தம் 1331. பேஸ்ட் காஞ்சு கோந்து மாதிரி ஆயிடுச்சுன்னா, கூலரை நேரா மேல இழுக்கும்போது லீவர் பூட்டியிருந்தாலும் ப்ராசசரும் கூடவே பிடுங்கிட்டு வந்துடும். நான் அடுக்களைல காபி குடிச்சிட்டு இருந்தேன், இவன் ஆர்வக்கோளாறுல ஸ்க்ரூவைக் கழட்டி ஒரே இழு. "அண்ணே"ன்னு ஒரு குரல், போய் பார்த்தா கூலர் கைல, கூலர் அடியில ப்ராசசர் ஒட்டிட்டு தொங்குது, ஓரத்துல அஞ்சு பின் சாஞ்சு கெடக்கு. அவன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி. 0.5 எம்எம் மைக்ரோ டிப் பென்சில்லேர்ந்து லெட் குச்சியை எடுத்துட்டு, வெறும் முனையை ஒவ்வொரு பின்னுலயும் நுழைச்சு, ஃபோன் டார்ச் அடிச்சு, மூச்சைப் பிடிச்சு கொஞ்சம் கொஞ்சமா நிமித்துனேன், முக்கால் மணி நேரம் ஆச்சு. நல்ல வேளை ஒண்ணும் ஒடியல.

இப்படி ஆகாம இருக்க, கழட்டறதுக்கு முன்னாடி சினிபெஞ்ச் அஞ்சு நிமிஷம் ஓட்டி சூடாக்குங்க, பேஸ்ட் இளகும். ஷட்டவுன் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிட்டு உடனே ஸ்க்ரூவை குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி தளர்த்துங்க, அப்புறம் கூலரை இடம் வலமா திருகுங்க, ஜாடி மூடி திருகற மாதிரி. தானா விட்டதும்தான் தூக்கணும். பின்னாடி பேக் பிளேட்டை ஒரு கையால பிடிச்சுக்கோங்க, ஏஎம்4-ல ஸ்க்ரூ விட்டதும் அது தொபுக்குன்னு பின்பக்கம் விழுந்துடும். இன்டெல் பாக்ஸ் கூலர்ல நாலு புஷ்பின் மண்டையையும் மேல போட்டிருக்கற அம்புக்குறி பக்கம் திருப்பிட்டு இழுத்தா வந்துடும், அங்க ப்ராசசர் மேல இரும்புக் கூண்டு இருக்கறதால இந்த பயம் இல்ல.

மாட்டறது

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட டிஷ்யூவால, பளபளன்னு ப்ராசசர் மேல எழுத்து தெரியற வரைக்கும் தொடைங்க. பின்னை நிமித்துனவங்க லீவரைத் தூக்கி, முக்கோண முனையைப் பார்த்து ப்ராசசரை அதோட வெயிட்டுலயே உள்ள எறங்க விடுங்க, அழுத்தவே கூடாது.

பிராக்கெட்டை மாட்டும்போது ஃபேன் எந்தப் பக்கம் காத்தைத் தள்ளப் போகுதுன்னு முன்னாடியே யோசிச்சுக்கோங்க. காபினெட் முன்பக்கத்துலேர்ந்து காத்து வந்து கூலர் வழியா பின்பக்க எக்ஸாஸ்ட்டுக்குப் போகணும். ஃபேன்ல பிளாஸ்டிக் குறுக்குக் கம்பி தெரியற பக்கம் காத்து வெளிய வர்ற பக்கம், அந்தப் பக்கம் கூலர் ரெக்கையைப் பார்த்து இருக்கணும்.

கூலர் அடியில ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உரிச்சுடுங்க. சிரிக்காதீங்க, ஒரு கடைல அசெம்பிள் பண்ணிக் கொடுத்த சிஸ்டத்தை ஆறு மாசம் கழிச்சு நான் தொறந்தப்போ அந்த ஸ்டிக்கர் அப்படியே இருந்துச்சு, அதுல எச்சரிக்கைன்னு சிவப்புல வேற எழுதியிருந்துச்சு.

சில கூலர்ல பேஸ்ட் ஏற்கனவே தடவி வரும், அதுக்கு மேல திரும்ப வைக்காதீங்க. இல்லன்னா நடுவுல ஒரு பட்டாணி அளவு, எல்ஜிஏ1700 நீளமா இருக்கறதால அங்க ஒரு சின்னக் கோடு. விரலால தேய்க்க வேணாம், கூலர் அழுத்தமே பரப்பிடும். ஸ்க்ரூவை ஒரு பக்கம் முழுசா முடுக்கிட்டு அடுத்த பக்கம் போகக் கூடாது, இங்க ரெண்டு சுத்து அங்க ரெண்டு சுத்துன்னு மாத்தி மாத்தி, தானா நிக்கற வரைக்கும். அதுக்கு மேல பலம் காட்டாதீங்க.

ஃபேன் ஒயரை மதர்போர்டுல சிபியு ஃபேன்னு எழுதியிருக்கற நாலு பின் எடத்துலதான் சொருகணும். காபினெட் ஃபேன் எடத்துல சொருகிட்டு, ஆன் பண்ணா சிபியு ஃபேன் எரர்னு திரை நிக்குதேன்னு முழிக்கறவங்க நிறைய. அத்தை பையனும் அதைப் பண்ணான், அன்னைக்கு அவனுக்கு நேரம் சரியில்ல.

மாட்டுனதுக்கு அப்புறம்

அதே டெஸ்ட், அதே பத்து நிமிஷம், ரூம் டெம்பரேச்சரோட எழுதுங்க. எங்களுக்கு ரூம் 35, சிப் 74, வித்தியாசம் 39. புதுக் கூலர்ல பழசைவிட மோசமாவோ அதே அளவோ வந்தா, ஸ்டிக்கர், ஸ்க்ரூ, ஃபேன் திசை, ஒயர், இந்த வரிசையில செக் பண்ணுங்க, பெரும்பாலும் இதுல ஒண்ணுதான்.

அடுத்து பயாஸ்ல ஃபேன் கர்வ், அதாவது எவ்வளவு சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம்ங்கற கணக்கு. கம்பெனி வச்சிருக்கறது அனேகமா பதட்டமான கர்வ், பிரௌசர்ல ஒரு டேப் தொறந்தாலே உய்ங்னு ஏறி எறங்கும், ரைசன்ல இது ரொம்ப அதிகம், ஏன்னா டெம்பரேச்சர் ஒரு செகண்டுல பத்து டிகிரி தாவும். 60 டிகிரி வரைக்கும் 40 சதவீதம், 70-ல 60, 80-ல 85, 88-க்கு மேல முழு வேகம்னு வைங்க. ஸ்டெப் அப் டைம்னு ஒண்ணு இருந்தா ரெண்டு மூணு செகண்டு கொடுங்க, அந்த உய்ங் நின்னுடும். இப்ப அவன் ரூம்ல சீலிங் ஃபேன் சத்தம்தான் கேக்குது.

கேம் ஆடும்போது மட்டும் சூடு ஏறுதுன்னா கூலரைத் திட்டாதீங்க, காபினெட்டைப் பாருங்க. ஆர்டிஎக்ஸ் 3060 மாதிரி கார்டு ஒண்ணே 170 வாட் சூட்டை அந்த டப்பாக்குள்ளதான் கொட்டுது, முன்னாடி முழுக்கண்ணாடி வச்ச காபினெட்ல அந்தக் காத்து போக வழியில்லாம கூலரே அதைத்தான் திரும்ப உறிஞ்சும். முன்னாடி ஜாலி வச்ச காபினெட், முன்பக்கம் ரெண்டு ஃபேன் உள்ள, பின்பக்கம் ஒண்ணு வெளிய, இதுக்கு மேல பட்ஜெட்ல ஒண்ணும் வேணாம். சந்தேகம் இருந்தா பக்கத்து மூடியைக் கழட்டிட்டு ஆடிப் பாருங்க, ஏழெட்டு டிகிரி எறங்குனா காபினெட்டுக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். கம்ப்யூட்டர் டேபிள்ல கதவு வச்ச பெட்டிக்குள்ள காபினெட்டை வைக்கற பழக்கம் நம்ம வீடுங்கள்ல ரொம்ப, அந்தக் கதவை முதல்ல கழட்டி பரண்ல போடுங்க.

நாலு மாசத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுங்க, ரோட்டோரம் வீடுன்னா ரெண்டு மாசம். புளோயர் அடிக்கும்போது ஃபேன் ரெக்கையை விரலால பிடிச்சுக்கணும், இல்லன்னா அது தாறுமாறா சுத்தி பேரிங் கெட்டுப் போகும். அப்புறம் ஊர் மாறும்போது சிஸ்டத்தை ஆம்னி பஸ் பார்சல்ல போடறதா இருந்தா கூலரைக் கழட்டி தனியா அனுப்புங்க. ஏகே400 ஒண்ணே 661 கிராம், டூயல் டவர்ல டீப்கூல் ஏகே620 மாதிரி எடுத்தா ஒன்றரை கிலோ பக்கம், திண்டிவனம் தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கர் போதும், மதர்போர்டு வளைஞ்சுடும்.